மீனம்பாக்கத்திலிருந்து பலாலிக்கு

சென்னையின் மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து கோயம்புத்தூர் விமான நிலையம் வான்வழியில் ஏறத்தாழ 404 கிலோமீட்டர். மதுரை 416. யாழ்ப்பாணத்துப் பலாலி 355.

மூன்று எண்களையும் அடுத்தடுத்து எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்கே இது உறைத்தது. சென்னையில் இருக்கும் ஒருவருக்கு மதுரையைவிட யாழ்ப்பாணம் அறுபது கிலோமீட்டர் கிட்டத்தில் இருக்கிறது. மதுரைக்குக் கிளம்பும்போது "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்குகிறோம். யாழ்ப்பாணம் என்றதும் கேட்பவர் முகத்தில் ஒரு மலைப்பு வருகிறது. "அவ்வளவு தூரமா? எப்படிப் போவீங்க?" என்கிறார்கள்.

அந்தக் கரையில் நின்று கணக்குப் போட்டால் இன்னும் துலக்கமாகத் தெரியும். பலாலியிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 184 கிலோமீட்டர், மதுரை 217, கொழும்புக்குரிய கட்டுநாயக்க விமான நிலையம் 290. தன் நாட்டுத் தலைநகரத்து விமான நிலையத்தைவிடக் காவிரிக் கரையும் வைகைக் கரையும் யாழ்ப்பாணத்துக்குப் பக்கம். பலாலியும் மதுரை விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருப்பதால், மதுரையிலிருந்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்தால் அது பலாலி ஓடுபாதைக்குப் பக்கத்தில் போய் முடியும்.

இந்தத் தூரங்களை அறிய பெரிய கருவி எதுவும் வேண்டாம். பள்ளிக்கூட அட்லஸ் போதும். சென்னை விமான நிலையம் வடக்கு 12 பாகை 59 கலையில் இருக்கிறது. பலாலி 9 பாகை 47 கலை. இரண்டுக்கும் கிழக்குத் தீர்க்கரேகை கிட்டத்தட்ட ஒன்றுதான், 80 பாகையைச் சற்றுத் தாண்டியது. அப்படியென்றால் சென்னையிலிருந்து மூக்குக்கு நேராகத் தெற்கே போனால் பலாலி. வித்தியாசம் 3 பாகை 12 கலை, அதாவது 192 கலை. பூமியின் அட்சத்தில் ஒரு கலைக்கு ஒரு கடல் மைல் என்பதுதான் மாலுமிகளும் விமானிகளும் வைத்திருக்கும் அளவு. ஆக, 192 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கினால் 355க்குச் சற்று மேல் வந்துவிடுகிறது. வளைவு, கோணம், திரிகோணமிதி எதுவும் இல்லாமல் இரண்டு விமான நிலையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை ஒரு தாளில் கண்டுபிடிக்க முடிகிற அபூர்வமான தடம் இது.

தூரம் இவ்வளவு எளிது. நேரம் அப்படி இல்லை. இந்தத் தடத்தில் நேரத்தை நிர்ணயித்தது பெரும்பாலும் விமானத்தின் வேகம் அல்ல என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நேர் விமானம் இல்லாத காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் போயிருக்கிறேன். சென்னையிலிருந்து கட்டுநாயக்க 644 கிலோமீட்டர். அங்கே இறங்கி, கொழும்பில் இரவுப் பேருந்து பிடித்து, மீண்டும் வடக்கே திரும்பி 350 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். பேருந்தில் ஏறி உட்காரும்போது ஒருவகை ஆற்றாமை வரும். சற்று முன் எந்த ஊரைப் பக்கத்தில் விட்டுவிட்டுப் பறந்தோமோ அதே ஊருக்கு இப்போது இரவெல்லாம் திரும்பிப் போகிறோமே என்று. புத்தளம், அநுராதபுரம், வவுனியா என்று தூக்கத்தினூடே பெயர்கள் கடக்கும். முறிகண்டியில் பேருந்து நிற்கும். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்காமல் எந்த ஓட்டுநரும் அந்த இடத்தைத் தாண்டுவதில்லை. இறங்கி, கச்சான் (நிலக்கடலை) வாங்கி, ஒரு தேநீர் குடித்து ஏறினால் கிளிநொச்சி, பிறகு ஆனையிறவு. இருபுறமும் நீரேரி வெளுக்கத் தொடங்கும்போது பொழுதும் விடியும். அந்தப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. வழியிலுள்ள வன்னி நிலத்தை அப்படித்தான் பார்க்க முடியும். ஆனால் 355 கிலோமீட்டரில் இருக்கிற ஊருக்கு ஆயிரம் கிலோமீட்டர் சுற்றி, ஒரு பகலும் ஓர் இரவும் செலவழித்துப் போவதைத்தான் எல்லோரும் இயல்பான வழி என்று ஏற்றுக்கொண்டிருந்தோம்.

இப்போது போகிற வழி வேறு. சென்னையின் பன்னாட்டு முனையத்தில் மற்ற எல்லோருக்கும் உரிய சடங்குகள் எல்லாம் இங்கும் உண்டு. மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வார்கள். பெட்டியை எடை போடுவார்கள். சின்ன விமானம் என்பதால் எடையில் கண்டிப்பு அதிகம். யாழ்ப்பாணத்துக்கு வரிசையில் நின்றால் அந்த வரிசையே ஒரு கதை. தி.நகரில் எடுத்த கூறைச் சேலையைக் கைப்பையில் பத்திரமாக வைத்திருக்கும் தாய், மருத்துவமனைக் கோப்பை மார்போடு அணைத்திருக்கும் முதியவர், டொரன்டோவிலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்து சென்னையில் விமானம் மாறும் குடும்பம், அவர்களுடைய பிள்ளைகள் பேசும் ஆங்கிலமும் பிரெஞ்சும். சுற்றுலாப் பயணிகள் குறைவு. பெரும்பாலானவர்கள் ஏதோ ஒரு காரியமாகப் போகிறவர்கள் அல்லது வீட்டுக்குத் திரும்புகிறவர்கள்.

விமானம் ஏடிஆர் 72. பிரான்சின் துலூஸ் நகரில் உருவாகும் இரட்டை இயந்திர விமானம். ஆறு அலகு கொண்ட காற்றாடி இருபுறமும். எழுபது முதல் எழுபத்தெட்டுப் பேர் வரை உட்காரலாம். ஜெட் விமானத்தில் முன் கதவு வழியாக ஏறிப் பழகியவர்களுக்கு இதில் ஒரு சின்னக் குழப்பம் வரும். பயணிகள் கதவு பின்னால் இருக்கிறது, பெட்டிகள்தான் முன்னால். இறக்கை உடலுக்கு மேலே பொருத்தப்பட்டிருப்பதால் சன்னலுக்கும் தரைக்கும் நடுவில் மறைப்பு இல்லை. இந்தத் தடத்துக்கு இதைவிடப் பொருத்தமான விமானம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. உயரப் பறக்கும் ஜெட்டில் போனால் இந்தக் கரை ஒரு பச்சைக் கோடாக மட்டும் தெரியும். இது ஐந்து, ஆறு கிலோமீட்டர் உயரத்தில் போகிறது. கரையைப் படிக்க முடிகிற உயரம் அது.

போகும்போது வலப்பக்கச் சன்னலைக் கேட்டு வாங்குங்கள். தெற்கு நோக்கிப் போகையில் தமிழ்நாட்டுக் கரை முழுதும் வலப்பக்கம்தான். நேர்கோடு மாமல்லபுரத்தை ஒட்டிக் கடலுக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கரை சற்று மேற்கே விலகி, விமானத்துக்கு இணையாக இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்துகொண்டே இருக்கும். தெளிவான நாளில் பாலாறு கடலைத் தொடும் இடம் மணல் திட்டாகத் தெரியும். பிறகு புதுச்சேரி, கடலூர், தென்பெண்ணை. பிச்சாவரத்தின் கரும்பச்சை மற்ற பச்சைகளிலிருந்து தனியாகப் பிரிந்து நிற்கும். அதையடுத்துக் கொள்ளிடத்தின் அகன்ற வாய். அதற்குக் கீழே காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார். இவ்வளவு பெரிய பெயரைச் சுமந்த ஆறு இவ்வளவு சிறிதாகவா கடலைத் தொடுகிறது என்று முதல் தடவை பார்ப்பவர்களுக்கு மனம் ஒருகணம் சுணங்கும். மேலணைகளும் பாசன வாய்க்கால்களும் தண்ணீரை வழியிலேயே பங்கிட்டுக்கொள்வதால் காவிரியின் கடைசித் துண்டு அப்படித்தான் இருக்கிறது. காரைக்கால், நாகப்பட்டினம். பிறகு வேதாரண்யத்து உப்பளங்கள், கட்டம் கட்டமாக வெள்ளையும் சாம்பலும் இளஞ்சிவப்புமாக. 1930இல் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்தவர்கள் உப்பள்ளிய கரை அது.

கோடிக்கரையில் தமிழ்நாட்டு நிலம் முடிகிறது. கரை சட்டென்று மேற்கே மடங்கிக்கொள்ளும். அதற்கு மேல் பாக்கு நீரிணை. கோடிக்கரையிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரை ஐம்பத்தைந்து கிலோமீட்டர் அளவுதான். ஏடிஆர் விமானத்துக்கு அது ஏழெட்டு நிமிடம். அடித்தளம் மேலெழுந்த ஆழமில்லாக் கடல் என்பதால் வங்கக் கடலின் கருநீலம் இங்கே கலங்கிய பச்சையாக மாறுகிறது. மீன்பிடிப் படகுகளின் வெண்தடங்கள் கீழே கீறல்களாகத் தெரியும். எந்தப் படகு எந்தக் கரையைச் சேர்ந்தது என்று மேலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கீழே அந்தக் கேள்விக்காகத்தான் வலைகள் பறிபோகின்றன, படகுகள் பிடிபடுகின்றன, இரு கரை மீனவக் குடும்பங்களும் வயிறு காய்கின்றன. அந்த ஏழெட்டு நிமிடத்தில் நான் சன்னலை விட்டுக் கண்ணெடுப்பதில்லை.

விமானம் இறங்கத் தொடங்கும்போது காங்கேசன்துறைத் துறைமுகத்தின் அலைத் தடுப்புச் சுவரும், மூடிக் கிடக்கும் சீமெந்து ஆலையும், பனைகளும், செம்மண் தோட்டங்களும் ஒன்றையடுத்து ஒன்றாக மேலெழுந்து வரும். வலிகாமத்துச் செம்மண்ணை ஒருமுறை பார்த்தவருக்கு அது மறக்காது.

இனி நேரக் கணக்கு. ஏடிஆர் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். 355 கிலோமீட்டரை அந்த வேகத்தால் வகுத்தால் 43 நிமிடம். அட்டவணையிலோ ஒன்றேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். மீதி நேரம் எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு: விமான நிறுவனங்கள் கணக்கிடுவது பறக்கும் நேரத்தை அல்ல. நின்ற இடத்தில் சக்கரத்துக்கு வைத்த தடுப்புக் கட்டையை எடுத்த கணத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மீண்டும் கட்டை வைக்கும் கணம் வரைக்கும்தான் கணக்கு. மீனம்பாக்கத்தில் ஓடுபாதை வரை ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானங்களுக்குப் பின்னால் காத்திருப்பதும் அதில் அடக்கம். மேலேறும்போதும் இறங்கும்போதும் முழு வேகம் கிடையாது. ஓடுபாதை எந்தத் திசையைப் பார்த்திருக்கிறதோ அதற்கேற்ப வளைந்து வந்து இறங்க வேண்டும். குறைந்த தூரத் தடங்களில் இந்த இரு முனைச் செலவு பறக்கும் நேரத்துக்குச் சமமாகவே வந்துவிடும். பொதுவான கணினிக் கணக்குகள் எந்தத் தடத்தையும் ஜெட் வேகத்தில் வகுத்து அரை மணி நேரம் கூட்டிச் சொல்லிவிடும். அதன்படி சென்னை–பலாலி ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அந்த எண்ணை நம்பி யாரையும் பலாலி வாசலில் காத்திருக்கச் சொல்லாதீர்கள்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. தடம் வடக்கு தெற்காக ஓடுவதால், வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். தென்மேற்குப் பருவத்தில் அதுவே தலைகீழ். சில நிமிடங்கள்தான் மாறும். ஆனால் தாழப் பறக்கும் விமானத்தில் அந்தக் காற்றை உடம்பு உணரும். ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் குலுக்கலுக்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்வது நல்லது.

வேடிக்கை என்னவென்றால், சென்னையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தூரம், ஜெட் விமானத்தில் போவதால் நேரம் கிட்டத்தட்ட இதே அளவு. தூரம் பாதியானால் நேரமும் பாதியாகும் என்ற கணக்கு வானத்தில் செல்லாது. பலாலிக்கு ஜெட் ஏன் போவதில்லை என்றால், ஓடுபாதை. சென்னையின் முதன்மை ஓடுபாதை மூன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் நீளம். பலாலியைப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறந்தபோது ஏடிஆர் போன்ற விமானம் இறங்கும் அளவுக்கு மட்டுமே ஓடுபாதையைச் சீரமைத்தார்கள். இந்தத் தடத்தின் நேரத்தை, எடையை, கட்டணத்தைக்கூட அந்த ஓடுபாதையின் நீளம்தான் பெரிதும் தீர்மானிக்கிறது.

அந்த ஓடுபாதைக்கு ஒரு நெடிய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் வான்படை அமைத்த களம் அது. போர் முடிந்து, இலங்கை சுதந்திரம் பெறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பயணிகள் விமானம் இரத்மலானையிலிருந்து கிளம்பியது. 'சீதா தேவி' என்று பெயரிட்ட டக்கோட்டா விமானம். அது எங்கே போயிற்று தெரியுமா? காங்கேசன்துறை வழியாக மெட்ராசுக்கு. காங்கேசன்துறை என்று அன்று குறித்தது இந்தப் பலாலிக் களத்தைத்தான். இலங்கையின் தேசிய விமான நிறுவனம் வானில் வைத்த முதல் அடியே யாழ்ப்பாணத்தையும் சென்னையையும் தொட்டது. இப்போதைய நேர் விமானத்தைப் புதுமை என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு தேதியை நினைவூட்ட வேண்டும்.

என் பக்கத்து இருக்கையில் ஒருமுறை எழுபதைத் தொட்ட அம்மா ஒருவர் இருந்தார். சிதம்பரத்தில் நடராசரைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். "எங்கயிருந்து வாறியள் தம்பி?" என்று தொடங்கினார். சொன்னேன். பிறகு அவராகவே சொன்னார்: "நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க அப்பாவோட இதே பலாலியில இருந்து மெட்ராசுக்குப் பிளேனில போனனான். அப்ப உந்தக் கடலை ஒருத்தரும் தூரமெண்டு நினைக்கேல்ல." அவர் அதைப் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்லவில்லை. நேற்று சந்தைக்குப் போனதைச் சொல்வதைப்போலச் சொன்னார்.

அந்தக் கடலைத் தூரம் என்று நினைக்காதவர்கள் அவருக்கு முன்பும் பலர். ஆறுமுக நாவலர் நல்லூரிலிருந்து கடல் கடந்து சென்னைக்குப் போய் அச்சு இயந்திரத்தோடு திரும்பினார். 1864இல் சிதம்பரத்தில் பள்ளிக்கூடம் தொடங்கினார். சென்னைப் பல்கலைக்கழகம் தந்த முதல் இரண்டு பட்டங்களைப் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை இருவருமே யாழ்ப்பாணத்தவர். வல்வெட்டித்துறைக்காரர்கள் சினிமாப் பார்க்கவே படகேறி அக்கரை போய் வந்த கதை அந்த ஊரில் இன்றும் சொல்லப்படுகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு எழும்பூரில் போட் மெயில் ஏறி, தனுஷ்கோடியில் கப்பலுக்கு மாறி, தலைமன்னாரில் மீண்டும் ரயில் பிடித்து, மதவாச்சியில் யாழ்ப்பாண ரயிலுக்கு மாறுகிறவர்கள் இருந்தார்கள். ஒரே பயணச்சீட்டில் இரண்டு நாடு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் எண்பதுகளில் நின்றது. விமானச் சேவை எழுபதுகளின் இறுதியிலேயே அற்றுப்போயிருந்தது.

அதற்குப் பிறகு வந்த உள்நாட்டுப் போரின் ஆண்டுகளில் பலாலி என்றால் படைத்தளம் என்றே அர்த்தமாயிற்று. 1990இல் சுற்றியிருந்த ஊர்களின் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் ரயிலும் நின்றது. யாழ்தேவி ரயில் மீண்டும் யாழ்ப்பாணத்தைத் தொட்டது 2014 அக்டோபரில். இடையில் பல ஆண்டுகள் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போக விரும்பிய பொதுமக்களுக்கு வானமும் கடலும்தான் மிஞ்சின. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் ஏர் பயணிகள் விமானம் மன்னார்க் கடல் அருகே வீழ்ந்தது. விடுதலைப் புலிகளே சுட்டு வீழ்த்தினர் என்று நம்பப்படுகிறது. அதிலிருந்த 55 பேரும் இறந்தார்கள். ஒரு மணி நேரப் பயணத்தை நம்பி ஏறிய சாதாரண மனிதர்கள். பலாலியில் விமானம் ஏறும்போது அந்தத் தேதி எனக்கு நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

கடிகாரம்கூடப் போரிலிருந்து தப்பவில்லை. 1996இல் மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க இலங்கை அரசு நேரத்தை ஒரு மணி முன்னே தள்ளியது. சில மாதத்தில் அரை மணி பின்னே இழுத்தது. அப்படியாகப் பத்து ஆண்டுகள் இலங்கை நேரம் இந்திய நேரத்தைவிட அரை மணி முன்னால் ஓடியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியிலோ பழைய நேரமே தொடர்ந்தது. 2002இல் ஏ9 சாலை திறந்தபோது வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் போனவர் அந்தப் பகுதி தொடங்கும் ஓமந்தையில் அரை மணி பின்னே போய், அது முடியும் முகமாலையில் மீண்டும் அரை மணி முன்னே வந்தார். ஒரே சாலையில், ஒரே பேருந்துப் பயணத்தில். எத்தனை மணி நேரம் ஆயிற்று என்ற கேள்விக்கு அங்கே இரண்டு விடை இருந்தது. 2006 ஏப்ரலில் இலங்கை பழைய நேரத்துக்குத் திரும்பியது. அதனால் இன்று மீனம்பாக்கத்தில் ஏறி பலாலியில் இறங்குபவர் கைக்கடிகாரத்தைத் தொட வேண்டியதில்லை.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. அடுத்த மாதம் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. நான்கு மாதம்தான். 2020 மார்ச்சில் கொரோனா வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது. மீண்டும் விமானம் வந்தது 2022 டிசம்பர் 12 அன்று. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்துகொண்டது. 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டது. திருச்சித் தடம் அட்டவணைப்படி ஒரு மணி நேரம். தஞ்சாவூர், கும்பகோணம், புதுக்கோட்டைக்காரர்கள், விமான நிலையக் காத்திருப்பைச் சேர்க்காவிட்டால், சென்னைக்கு வருவதைவிட யாழ்ப்பாணத்துக்குப் போவது விரைவு என்று சொல்லும் நிலை இப்போது உண்மையாகவே வந்திருக்கிறது.

கடல் வழியும் திறந்திருக்கிறது. 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் கிளம்பியது; பருவமழை வந்ததும் நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பலோடு மீண்டும் தொடங்கியது. சுமார் 110 கிலோமீட்டர், நான்கு மணி நேரம் அளவில். பெட்டிகள் அதிகம் உள்ளவர்களுக்கும், விமானக் கட்டணம் கட்டுபடியாகாதவர்களுக்கும் அதுதான் வழி. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முழு நாள் ஆகும்.

விமானத்தில் போகிறவருக்கும் உண்மையான கணக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் முடிவதில்லை. வீட்டிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி, அங்கே மூன்று மணி, விமானம், பலாலியின் சிறிய கூடத்தில் குடிவரவு, சுங்கம், பிறகு யாழ்ப்பாண நகருக்கு ஓட்டோவிலோ வாகனத்திலோ அரை மணிக்கு மேல். காலையில் கிளம்பினால் மாலைத் தேநீருக்குப் போய்ச் சேரலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர் புறப்படும் முன் மின்னணுப் பயண அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. இலங்கையர் இந்தியா வர விசா வேண்டும். 2010 முதல் யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இயங்குவதால் அதற்காகக் கொழும்புக்கு ஓட வேண்டியதில்லை. தரையில் கரையும் இந்த மணிகளைக் குறைப்பது விமானியின் கையில் இல்லை. அதிகாரிகளின் கையில் இருக்கிறது.

பலாலியிலிருந்து நகருக்கு வரும் சாலையில் தொடக்கத்தில் முள்வேலி கூடவே வரும். உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன நிலங்கள் எல்லாம் இன்னும் உரியவர்களுக்குத் திரும்பவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் கூரையிழந்த சுவர்களும் கிணறுகளும் தெரியும். ஓடுபாதையை நீட்ட வேண்டும் என்று நான் கேட்கும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மக்கள் முப்பது ஆண்டுக்கு மேலாக இழந்ததை, வளர்ச்சி என்ற பெயரில் இன்னொரு முறை இழக்கக் கூடாது. நிலத்துக்கு உரியவரோடு பேசி, உரியதைக் கொடுத்து, பிறகு நீட்டட்டும்.

நீட்டத்தான் வேண்டும். நடுத்தர ஜெட் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை நீண்டால் இருக்கைகள் கூடும், பெட்டிக்கான எடை கூடும், கட்டணம் குறைய வழி பிறக்கும். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் விமானங்களை யோசிக்கலாம். சேவை அடிக்கடி அறுந்துபோன வரலாறு கொண்ட தடம் இது. இரு அரசுகளும் இதை லாப நட்டக் கணக்கில் மட்டும் வைத்துப் பார்க்காமல், ஒருநாளும் நிற்காத சேவையாக நடத்த வேண்டும். அதற்கு ஆள் ஏற வேண்டும். நல்லூர்த் திருவிழாவுக்கோ, கீரிமலைக் கேணியில் குளிக்கவோ, வெறுமனே ஊர் பார்க்கவோ யாழ்ப்பாணம் போக நினைக்கிற தமிழ்நாட்டு வாசகர்களிடம் நான் கேட்பது இதுதான்: கொழும்பைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். சென்னையிலோ திருச்சியிலோ ஏறி நேராகப் பலாலியில் இறங்குங்கள்.